கடன் நோட்டில் இன்னும் ஒரு வரி

மரக்காணம் கடைத்தெருவிலும் சுற்றியுள்ள கரையோரக் குப்பங்களிலும் மெடிக்கல், மளிகை, பாத்திரக்கடை, பெட்டிக்கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு மடல்.

2025 அக்டோபர் 1ஆம் தேதி மத்தியப் பிரதேசத்திலிருந்து நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குக் கடிதம் ஒன்று வந்தது. சிந்த்வாரா மாவட்டத்தில் பராசியா என்ற ஊரைச் சுற்றி, சளிக்கு மருந்து குடித்த சின்னக் குழந்தைகள் மூத்திரம் நின்று, சிறுநீரகம் கெட்டு, அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்தார்கள். கொடுத்த மருந்துகளில் ஒன்றின் பெயர் கோல்ட்ரிஃப். தயாரித்தது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மா. நம் அதிகாரிகள் அன்றைக்கே அங்கே போய் மாதிரி எடுத்தார்கள். மறுநாளே முடிவு வந்துவிட்டது: எஸ்ஆர்-13 என்ற பேட்சில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். மருந்தில் இருக்கலாம் என்று விட்டுவைத்திருக்கும் அளவு 0.1 சதவீதம். பிரேக் ஆயிலில் சேர்க்கும் சரக்கு அது. தமிழ்நாட்டில் விற்பனை நின்றது, ஆலை மூடப்பட்டது, உரிமையாளர் கைதானார், உரிமம் ரத்தானது. இறந்த குழந்தைகள் இருபதுக்கும் மேல். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள்.

நம் பரிசோதனைக்கூடம் இதில் வேகமாக வேலை செய்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் விற்காதே என்ற உத்தரவு கடை அலமாரி வரைதான் போகும். அதற்கு முன்பே விற்றுப்போன பாட்டில் யாரோ ஒரு வீட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில், பாதி தீர்ந்து நிற்கும். ராத்திரி பிள்ளை மறுபடி இருமினால் அம்மா அதைத்தான் எடுப்பாள். மத்தியப் பிரதேச முதல்வர், மருந்தை வாங்கியவர்களின் வீடுகளிலிருந்தே பாட்டிலைத் திரும்ப வாங்கிவரச் சொல்லி, அந்த வேலைக்கு ஆஷா பணியாளர்களையும் பயன்படுத்தச் சொன்னார். எந்த வீட்டுக்குப் போவது? அதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

இதே விஷம், இதே தேடல், 1937இல் அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. சல்ஃபனிலமைடு என்ற மருந்தைத் திரவமாக்க ஒரு கம்பெனி டைஎத்திலீன் கிளைக்காலைச் சேர்த்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் தன்னிடமிருந்த ஆய்வாளர்களில் ஏறக்குறைய எல்லோரையும் தெருவில் இறக்கிவிட்டது. கம்பெனியின் சரக்கு ரசீது, சேல்ஸ்மேன் கையிலிருந்த பட்டியல், மருந்துக் கடையின் விற்பனைச் சீட்டு, டாக்டர் எழுதிய சீட்டு என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். 240 கேலன் தயாரானதில் 234 கேலன் திரும்பி வந்தது. வராத அந்தச் சொச்சம்தான் அத்தனை பேரைக் கொன்றது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அவர்கள் கையில் இருந்தது சீட்டு மட்டுமே.

இந்தியாவுக்கும் இது புதிதில்லை. 1970களில் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும், 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையிலும் கிளைக்கால் கலந்த மருந்து உயிர்களை வாங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஆலையைப் பற்றிப் பேசினோம், அதிகாரியைப் பற்றிப் பேசினோம். வாங்கியவரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அதிகம் பேசவில்லை.

இனி நம்மூருக்கு வருகிறேன். இங்கே ஒரு மருந்தையோ மாவையோ குக்கரையோ திரும்பக் கொடுங்கள் என்று அறிவிப்பு வந்தால் வாங்கியவரை யார் கண்டுபிடிப்பது? தாலுகா ஆபீசால் முடியாது. டெல்லியில் இருக்கும் இணையதளத்தால் முடியவே முடியாது. உங்களால் முடியும், ஏனென்றால் உங்களிடம் கடன் நோட்டு இருக்கிறது.

அந்த நோட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நீள வாக்கில் மடித்த நாற்பது பக்க நோட்டு, அட்டையில் எண்ணெய்க் கறை, நடுவில் நூலில் கட்டிய பேனா. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். பெயர் எழுதும் முறையே தனி: 'பாத்தி மேஸ்திரி வீடு', 'ஆறுமுகம் மருமகள்', 'ரெட்டைப் பனை அக்கா'. கீழே தேதி, சரக்கு, தொகை. பிஸ்கட் 2, டீத்தூள் 50, டானிக் 1. பாத்தியில் உப்பு வாரும் மாதங்களில் பக்கம் சீக்கிரம் அடிபடும். ஐப்பசியில் மழை இறங்கி உப்பளம் தண்ணீருக்குள் போனபின் ஒரே வீட்டுக்கு மூன்று பக்கம் ஓடும். அமெரிக்க ஆய்வாளர்கள் 1937இல் தெருத் தெருவாகத் தேடிய விற்பனைச் சீட்டு இங்கே உங்கள் கல்லாவுக்குள் ஏற்கெனவே கிடக்கிறது. ஆள் யார், வீடு எது, வீட்டில் கைக்குழந்தை உண்டா என்பதுவரை உங்களுக்குத் தெரியும்.

குறை ஒன்றுதான். 'டானிக் 1' என்று எழுதுகிறோம். எந்த டானிக், எந்த பேட்ச்?

நான் கேட்பது இந்த ஒரு வரியைத்தான். எல்லாச் சரக்குக்கும் வேண்டாம். உப்பு, புளி, சோப்புக்கு பேட்ச் எழுதிக்கொண்டிருந்தால் நீங்கள் கடை நடத்த முடியாது, தெரியும். குழந்தைக்குப் போகும் மருந்து, பால்பவுடர் மாதிரி குழந்தை உணவு, குக்கர், கேஸ் சாமான், சார்ஜர், பேட்டரி வகையறா. இவற்றை விற்கும்போது மட்டும், ரொக்கமோ கடனோ, பெயரோடு கம்பெனி, பேட்ச் நம்பர். இருமல் மருந்தைப் பொறுத்தவரை பெட்டிக்கடைக்காரர்களிடம் இன்னும் கொஞ்சம் உரிமையோடு சொல்வேன்: விற்காதீர்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று 2025 அக்டோபர் 3ஆம் தேதி மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகமே அறிவுறுத்தியது. டாக்டருக்கே அப்படியென்றால், பீடிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்து நாம் விற்க என்ன இருக்கிறது?

மெடிக்கல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். நம்மூரில் யாரும் முழு அட்டை வாங்குவதில்லை. நாலு மாத்திரை கேட்பார்கள், கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பீர்கள். பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். வெட்டத் தொடங்குவது அந்த ஓரத்திலிருந்து என்றால் மிச்சம் எல்லாம் பெயரில்லாத மாத்திரை. கடைசி மாத்திரை விற்கும்வரை அந்த ஓரம் உங்களிடமே இருக்கட்டும், மறுமுனையிலிருந்து வெட்டுங்கள். வாங்குகிறவருக்கு மாத்திரை போடும் காகித உறையில் நம்பரை எழுதிக் கொடுங்கள். சிரப்பு பாட்டிலிலும் இதே வம்பு உண்டு: லேபிளில் மையால் அடித்த நம்பர் ஈரக்கை நாலு முறை பட்டால் மங்கிவிடும். பாத்தியிலிருந்து வந்த கையில் ஈரத்துக்கா பஞ்சம்? உங்கள் நோட்டில் இருந்தால் பாட்டிலில் அழிந்தாலும் கவலையில்லை.

இதெல்லாம் ஊருக்கு உபகாரம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். உங்கள் தலைக்கும் இதுதான் காப்பு. திண்டிவனத்திலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ லைன் வண்டி வருகிறது. பில் கேட்டால் 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட துண்டுச் சீட்டு ஒன்று கிடைக்கும், அதில் கடைப் பெயர்கூட இருக்காது. பில் போட்டால் வரி, இது விலை கம்மி என்று நாமும் தலையாட்டுகிறோம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, தரங்கள் சட்டத்தின் 26ஆவது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? சரக்கு அனுப்புகிறவர் அதன் தரத்துக்கு எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும். பில்லே அந்த உத்தரவாதமாகக் கொள்ளப்படும். 27ஆவது பிரிவு அதைவிட நேராக நம்மிடம் வருகிறது: யாரிடமிருந்து வந்தது என்று காட்ட முடியாத உணவுப் பொருளை விற்றால் பொறுப்பு விற்றவருக்கு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆவது பிரிவும் மற்றச் சாமான்களுக்கு இதையே சொல்கிறது. தயாரித்தவர் யாரென்று தெரியாவிட்டால், விற்ற உங்கள் மேல் வழக்கு வரும். அசல் பில் இருந்தால் கம்பெனியைக் காட்டிவிட்டு நகரலாம். எஸ்டிமேட் சீட்டைக் காட்டி நகர முடியாது. சுங்குவார்சத்திர ஆலையே மருந்துத் தரமில்லாத கிளைக்காலைப் பில் இல்லாமல் வாங்கியது என்று ஆய்வில் தெரிந்ததாகச் செய்தி வந்தது. சீட்டு இல்லாமல் உள்ளே வரும் சரக்கு என்ன செய்யும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

பாத்திரக்கடைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு மருந்துக் கடைச் சமாச்சாரம் என்று மடித்து வைத்துவிடக் கூடாது. 2021 பிப்ரவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை இந்தியாவில் விற்கக் கூடாது. அடுத்த ஆண்டே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானைப் பிடித்தது. தன் தளத்தில் விற்றுப்போன 2,265 முத்திரையில்லாக் குக்கர்களை வாங்கியவர்களுக்கெல்லாம் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்று, பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அபராதம் ஒரு லட்சம். ஃபிளிப்கார்ட்டுக்கு 598 குக்கர்கள், அதே அபராதம். பெரிய கம்பெனிக்கு ஒரு லட்சம் ஒரு தொகையா என்று கேட்கலாம், கேட்க வேண்டியதுதான். ஆனால் அவர்களிடம் 2,265 பேரின் முகவரியும் இருந்ததே! நம் கடைத்தெருவில் சீர்வரிசைக்கு வாங்கிப்போன குக்கர் எந்த ஊரில் எந்த அடுப்பில் இருக்கிறது என்று யார் சொல்வது?

உப்புக் காற்றில் எந்த உலோகமும் உருப்படியாக இருப்பதில்லை என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சைக்கிள் ரிம்மும் கேஸ் அடுப்பும் இங்கே படும் பாடு குக்கருக்கும் உண்டு. மூடியின் பாதுகாப்பு வால்வு அடைத்துக்கொண்டால் உள்ளே ஏறும் அழுத்தத்துக்குப் போக்கிடம் இல்லை. தரமான குக்கரிலேயே இது ஆபத்து. முத்திரையில்லாததில் கேட்கவே வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் ஒரு எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அதைப் போட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். சரக்கு இறக்கும்போதே ஒரு டப்பாவை எடுத்துப் பாருங்கள். முத்திரை மட்டும் பளபளவென்று இருந்து எண் இல்லாவிட்டால் வண்டியிலேயே திருப்பி ஏற்றுங்கள்.

பெரிய பெயர் என்றால் செய்தி தானாக வந்துவிடும். 2015 ஜூனில் மேகி நூடுல்ஸைத் திரும்பப் பெறச் சொன்னபோது டிவி வைத்திருந்த எல்லோருக்கும் தெரிந்தது, குப்பத்துக் குழந்தைகள் உட்பட. அந்தத் தடையை ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது வேறு கதை. பயமெல்லாம் பெயர் தெரியாத கம்பெனிச் சரக்கில்தான். தரம் தவறிய மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதா மாதம் வெளியிடுகிறது. ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், பேட்ச் நம்பரோடு. உயிருக்கு ஆபத்தான மருந்து என்றால் 24 மணி நேரத்தில், மிஞ்சினால் 72 மணி நேரத்தில் திரும்பப் பெற வேண்டும் என்று அவர்கள் வழிகாட்டுதலே இருக்கிறது. அந்த 72 மணி நேரத்தில் மரக்காணத்துக்கு யார் வந்து சொன்னார்கள்? மொத்த வியாபாரி உங்கள் வாட்ஸ்ஆப்பில் ஸ்கீம் போடுகிறார், பத்துக்கு ஒன்று இலவசம் போடுகிறார், தீபாவளி வாழ்த்துப் போடுகிறார். இந்த பேட்சை விற்காதே என்று ஒரு செய்தி போட அவருக்கு என்ன கஷ்டம்? வணிகர் சங்கக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். திரும்பப் பெறும் அறிவிப்பைத் தமிழில், அன்றைக்கே அனுப்பும் ஏஜென்சிக்கு மட்டும்தான் ஆர்டர் என்று சங்கம் சொன்னால் மறுவாரமே அனுப்ப ஆரம்பிப்பார்கள்.

எக்கியார்குப்பத்தைச் சொல்லாமல் இந்த மடலை எழுத முடியாது. 2023 மே 13ஆம் தேதி அங்கே விற்ற சாராயத்தில் இருந்தது ஆலைக்குப் போக வேண்டிய மெத்தனால். செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்தால் இருபதுக்கும் மேற்பட்ட சாவுகள். கள்ளச் சாராயத்துக்கு பேட்ச் ஏது, பில் ஏது என்பீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன். மெத்தனால் குடித்தவுடன் ஆளைச் சாய்க்காது. பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்று வலியும் கண் மங்கலும் தெரியும். அந்த இடைவெளியில் ஆளைக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைக்க வழி உண்டு. யார் யார் குடித்தார்கள் என்று எழுதிவைத்தவர் இல்லை, குடித்தவருக்கும் சொல்லக் கூச்சம். சட்டத்துக்கு வெளியே நடந்த வியாபாரத்தில் அது அப்படித்தான் இருக்கும். சட்டத்துக்குள் வியாபாரம் செய்யும் நம் கடைகளிலும் அதே நிலை என்றால் அது நியாயமில்லை.

நம்மூர்ச் சரக்குக்கும் ஒரு நாள் திரும்பப் பெறும் அறிவிப்பு வரலாம். வீட்டுச் சமையலுக்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்கக் கூடாது என்பது சட்டம். கடையில் வாடிக்கையாளர் வாங்கும்போது குறைந்தது 15 பி.பி.எம். அயோடின் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய மூட்டையில் அயோடின் குறையும். பாத்தியிலிருந்து நேராக வாரிவந்த கல்லுப்பைப் பாக்கெட் போட்டு, ஏதோ ஒரு பெயர் அச்சடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். தோல் பதனிடவும் கருவாட்டுக்கும் போகும் உப்பு வேறு, குழம்புக்குப் போகும் உப்பு வேறு என்பதை இந்த ஊருக்கு வெளியூர்க்காரர் வந்து சொல்லும் நிலை வேண்டாம்.

சரி, அறிவிப்பு வந்துவிட்டது என்று வையுங்கள். முதலில் அலமாரியில் இருப்பதை எடுத்து ஒரு பெட்டியில் போட்டு, விற்பனைக்கு இல்லை என்று எழுதி ஒட்டி, தனியாக வையுங்கள். எக்ஸ்பைரி ரிட்டன் பெட்டியோடு கலக்காதீர்கள், சேல்ஸ்மேன் அவசரத்தில் வேறெங்கோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். பிறகு நோட்டைப் பிரியுங்கள். போன் இருக்கிறவர்களுக்குப் போன், மற்ற வீடுகளுக்குப் பையனை அனுப்புவதைவிட நீங்களே போவது நல்லது. கடைக்காரர் வாசலுக்கு வந்தால் பாக்கி கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று அந்த வீட்டு ஆள் கொல்லைப் பக்கம் நழுவிவிடுவார். "பாக்கிக்கு வரல, பாட்டிலைக் கேட்டு வந்தேன்" என்று வாசலிலேயே உரக்கச் சொல்லிவிடுங்கள்.

பாட்டிலைக் கொடுத்தால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது நோட்டில் அந்தத் தொகையை அடித்துவிடுங்கள். அந்தப் பணத்தை ஏஜென்சியிடம் வாங்க உங்கள் பில் இருக்கிறது. மருந்து என்றால் பிள்ளைக்குக் கொடுத்தார்களா, எப்போது கடைசியாக, பிள்ளை ஒழுங்காக மூத்திரம் போகிறதா என்று கேளுங்கள். போகவில்லை, வாந்தி, அசதி என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். எது உள்ளே போனது என்று டாக்டருக்கு அந்த லேபிள்தான் சொல்லும். மிச்சத்தைக் கிணற்றோரத்திலோ கழிமுகத்திலோ கொட்டிவிட்டு வெறும் பாட்டிலைக் கொண்டுவருகிறவர்களும் இருப்பார்கள். கொட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குக்கர் என்றால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அவரிடமிருந்து அது இன்னொரு அடுப்புக்குத்தான் போகும்.

கம்பெனியோ ஏஜென்சியோ கையை விரித்தால் 1915க்குப் போன் போடலாம், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் விழுப்புரத்தில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. வாடிக்கையாளருக்கு இந்த வழியைச் சொல்லிக் கொடுத்தால் நம் மேலேயே கேஸ் போடுவாரே என்று தோன்றும். பேட்ச் எழுதிய நோட்டும் அசல் பில்லும் உங்களிடம் இருந்தால் அந்தக் கேஸில் நீங்கள் அவர் பக்கத்துச் சாட்சி.

சேர்ந்த சரக்கை மருந்து ஆய்வாளரிடமோ உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ ஒப்படைக்கும்போது எண்ணிக்கை, பேட்ச், தேதி எழுதி ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை விற்றோம், எத்தனை திரும்பியது, எந்த வீட்டிலிருந்து வரவில்லை என்று நோட்டைப் பார்த்து அவரிடம் சொல்லுங்கள். வராத வீட்டுக்கு ஊர் நர்ஸம்மாவை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோட்டில் தனக்கும் ஒரு பக்கம் உள்ள
வாடிக்கையாளன்